உருது இலக்கியம்: சமூகப் பண்பாட்டு வரலாற்றுச் சான்றாக ஒரு நோக்கு

முன்னுரை

சங்கப் பாடல்களைக் கொண்டு பண்டைத் தமிழரின் வாழ்வியலை எழுதும் மரபு நம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. கல்வெட்டும் அகழாய்வும் தராத பல செய்திகளை இலக்கியமே நமக்குத் தருகின்றது. எனினும், புலவன் கூறுவது அனைத்தையும் அவ்வாறே வரலாறாகக் கொள்ளலாமா என்னும் வினா தமிழாய்வில் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகின்றது. இவ்வினாவை மற்றோர் இந்திய மொழியின் இலக்கியத்தில் பொருத்திப் பார்ப்பது நம் ஆய்வுமுறைக்கும் பயன் தரும். அதற்கு உருது மிகப் பொருத்தமான மொழியாகும். அரசவை, கடைவீதி, அடுக்களை, அச்சகம், நீதிமன்றம், அகதி முகாம் என வேறுபட்ட களங்களின் குரல்கள் அதன் இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. அத்துடன், ஒரு மொழி ஒரு சமயத்தாருக்கே உரியது என்னும் கருத்து எவ்வாறு உருவாகின்றது என்பதற்கும் அதன் வரலாறே சான்றாகும்.

உருது இலக்கியத்தின் சில வகைமைகளை எடுத்துக்கொண்டு, அவை எவ்வகைச் சமூகச் செய்திகளைத் தருகின்றன, அவற்றை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் தொடக்கமும்

'உருது' என்பது படைமுகாமைக் குறிக்கும் துருக்கியச் சொல்லின் வழிவந்தது. இதனைக் கொண்டு இம்மொழி படைவீரர்களின் முகாமில் பிறந்தது என்று கூறும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. ஆயினும், மொழிக்கு இப்பெயர் வழங்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்கு முன்னர் ஹிந்தவி, ஹிந்தி, குஜ்ரி, தக்கினி, ரேக்தா எனப் பல பெயர்கள் வழங்கின. இதன் இலக்கணக் கட்டமைப்பு தில்லி வட்டாரத்துக் கடிபோலியை அடிப்படையாகக் கொண்டது. சொற்களஞ்சியத்தில் பாரசீக, அரபுச் சொற்கள் பெருமளவில் கலந்துள்ளன. எனவே, இது வெளிநாட்டிலிருந்து வந்த மொழியன்று. இந்திய மண்ணில் தோன்றி, பாரசீக எழுத்துமுறையைத் தழுவிக்கொண்ட இந்தோ-ஆரிய மொழியாகும். பெயர் வரலாற்றை மொழி வரலாறாக மயங்கக் கூடாது என்பதைச் சம்சுர் ரகுமான் பாரூக்கி தம் ஆய்வுகளில் விரிவாக விளக்கியுள்ளார்.

தக்காணத்தின் பங்கு

அமீர் குஸ்ரு (1253-1325) ஹிந்தவியில் பாடியதாக மரபு கூறினும், தொடர்ச்சியான இலக்கிய வளர்ச்சியை நாம் முதலில் காண்பது தக்காணத்திலும் குஜராத்திலுமே ஆகும். பாமினி அரசின் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில், நிசாமி இயற்றிய 'கதம் ராவ் பதம் ராவ்' என்னும் கதைப்பாடல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கோல்கொண்டாவை 1580 முதல் ஆண்ட முகம்மது குலி குதுப் ஷா ஹைதராபாத் நகரை நிறுவியவர். தக்கினியில் பெருந்தொகுப்பொன்றை விட்டுச்சென்ற கவிஞரும் ஆவார். வசந்த விழா, மழைக்காலத் தொடக்கம், ஈகைத் திருநாள் ஆகியவற்றோடு காய்கனிகளும் அவர் பாடல்களில் இடம்பெறுகின்றன. சமயம் வேறாயினும் பருவமும் விழாவும் பொதுவாக இருந்த ஓர் அரசவைப் பண்பாட்டை இப்பாடல்கள் காட்டுகின்றன. பிஜப்பூரில் இரண்டாம் இப்ராகிம் அடில் ஷா இயற்றிய 'கிதாபே நௌரஸ்' என்னும் இசைப்பாடல் நூல் கலைமகளையும் பிள்ளையாரையும் போற்றுவதும் இங்கு எண்ணத்தக்கது.

அரசவைக்கு வெளியே தோன்றிய ஒரு வகைமை சமூக வரலாற்றாய்வாளருக்கு இன்னும் பயனுடையது. பிஜப்பூர்ப் பகுதிச் சூபியர் மரபில் 'சக்கி நாமா' எனப்படும் திரிகைப் பாடல்களும் 'சர்க்கா நாமா' எனப்படும் இராட்டைப் பாடல்களும் வழங்கின. மாவரைக்கும்போதும் நூல் நூற்கும்போதும் பெண்கள் பாடுவதற்கேற்ப அமைந்த இவற்றில் திரிகையின் பகுதிகளே சமயக் கருத்துக்களுக்கு உருவகமாகின்றன. தக்காணத்துச் சிற்றூர்களில் சூபிய நெறி பரவியதில் இப்பாடல்களுக்கும் அவற்றைப் பாடிய பெண்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்று ரிச்சர்ட் ஈட்டன் கருதுகின்றார். நம் வள்ளைப்பாட்டு மரபை அறிந்தோருக்கு, உழைப்போடு இணைந்த பாட்டு எவ்வளவு ஆழமாகக் கருத்தைக் கொண்டுசெல்லும் என்பது எளிதில் விளங்கும்.

ஔரங்கசீப் 1686இல் பிஜப்பூரையும் 1687இல் கோல்கொண்டாவையும் கைப்பற்றியதன்பின் தக்காணத்தின் இலக்கிய மையங்கள் தளர்ந்தன. 1700இல் தில்லி சென்ற வலி என்னும் தென்னகக் கவிஞரின் தொகுப்பு 1720 அளவில் அந்நகரை அடைந்தபோது, பாரசீகத்தில் எழுதிவந்த தில்லிப் புலவர்கள் தம் பேச்சுமொழியிலும் உயர்கவிதை இயலும் என உணர்ந்தனர். வடக்கின் இலக்கிய மலர்ச்சிக்குத் தெற்கு வித்திட்டது என்பது இதனால் பெறப்படும். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆதரவில் தமிழகத்திலும் இம்மரபு தொடர்ந்தது. வேலூரைச் சேர்ந்த பாகர் ஆகா பதினெட்டாம் நூற்றாண்டில், பாரசீகமும் அரபும் அறியாதோருக்காகத் தக்கினியில் நூல்கள் இயற்றினார். வசூல், பாக்கி, ஜப்தி, வக்கீல், தாலுகா, சிபாரிசு முதலிய சொற்கள் தமிழில் நிலைத்தமைக்கு இவ்வாட்சித் தொடர்பே காரணமாகும்.

கஜல்: மரபா, வரலாறா?

உருதுக் கவிதையின் தலையாய வடிவம் கஜல். ஈரடிகளால் ஆன இதன் ஒவ்வொரு கண்ணியும் தனித்துப் பொருள் தருவது. காதலன், இரக்கமற்ற காதலி, போட்டியாளன், அறிவுரை கூறுவோன், மது ஊற்றுவோன் ஆகிய மாந்தர் கஜல்தோறும் மீண்டும் மீண்டும் வருவர். இவர்களுள் எவருக்கும் இயற்பெயர் இல்லை. இதனைக் கொண்டு, மதுவைப் பாடிய கவிஞர் அனைவரும் மது அருந்தியோர் என்றோ, பாடப்பட்ட காதல் கவிஞரின் சொந்த அனுபவம் என்றோ முடிவு கட்டுவது பொருந்தாது. அகப்பாடலில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்னும் தொல்காப்பிய விதியையும், களவும் கற்பும் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தவை என்னும் கொள்கையையும் அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று.

அவ்வாறாயின் கஜல் வரலாற்றுக்குப் பயன்படாதா? பயன்படும். ஆனால் அது தரும் சான்று வேறு வகையினது. தக்கினிக் கஜலில் பெண்ணே காதலைக் கூறுவாளாகப் பல இடங்களில் அமைவதும், தில்லியில் பாரசீக மரபுக்கேற்பக் காதலியும் ஆண்பாலால் சுட்டப்படுவதும் இலக்கியச் சுவை எத்திசையில் மாறியது என்பதைக் காட்டும். புலவர் கூடிப் பாடும் 'முஷாயரா' அவையில் ஆசிரியர்-மாணவர் உறவு எவ்வாறு பேணப்பட்டது, எச்சொல் செம்மையானது என யார் தீர்மானித்தனர் என்பனவற்றைக் கஜலின் மொழியே உணர்த்துகின்றது. தனியொருவர் வாழ்வை அறிவதைவிட, ஒரு கற்றறிந்த குழுவின் மதிப்புகளை அறிவதற்கே கஜல் மிகுதியும் உதவும்.

லக்னோவில் வளர்ந்த 'மர்சியா' என்னும் இரங்கற்பாவும் இத்தகையதே. மீர் அனீஸும் மிர்சா தபீரும் கர்பலாத் துயரைப் பாடியபோது, அரபு நாட்டு மகளிர் அவத் நாட்டு உயர்குடி மகளிரின் பேச்சோடும் மணச்சடங்குகளோடும் தோன்றினர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அரபு நிலம் தமிழ்நிலமாகக் காட்சி தருவதை இதனுடன் ஒப்பிடலாம். இவ்வகைப் பாடல்கள் பாடப்பட்ட நிகழ்ச்சியின் காலத்தை அறிவதைவிட, பாடியவர் காலத்துச் சமூகத்தை அறிவதற்கே சான்றாகின்றன.

நகரத்தின் துயரும் கடைவீதியின் குரலும்

1739இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடினார். அதன்பின் ஆப்கானியப் படையெடுப்புகளும் உள்நாட்டுப் போர்களும் முகலாய ஆட்சியைச் சிதைத்தன. இச்சூழலில் 'ஷஹ்ர் ஆஷோப்' எனப்படும் நகரத்துயர்ப் பாடல்கள் பெருகின. சௌதாவின் (1713-1781) பாடல்களில் ஊதியம் பெறாத படைவீரன், வாங்குவோரற்ற வணிகன், ஆதரிப்பாரற்ற புலவன் எனத் தொழில்தோறும் வறுமை பட்டியலிடப்படுகின்றது. பட்டினியால் நடக்கவும் இயலாத ஒரு குதிரையைப் பற்றிய அவரது அங்கதப்பா, சம்பளமின்றிக் கிடந்த முகலாயக் குதிரைப்படையின் படமாகவே கொள்ளப்படுகின்றது. மீர் தகீ மீர் (1723-1810) தில்லியின் அழிவைத் தம் கவிதையில் பாடியதோடு, பாரசீகத்தில் எழுதிய தன்வரலாற்றிலும் பதிவு செய்தார். 1782இல் லக்னோவுக்குக் குடிபெயர்ந்தார். புலவரின் இடப்பெயர்வே ஆதரவு மையம் இடம்பெயர்ந்ததற்குச் சான்றாகும்.

இப்பாடல்களிலும் ஓர் எச்சரிக்கை தேவை. தாழ்ந்தோர் உயர்ந்தனர், உயர்ந்தோர் தாழ்ந்தனர் என்னும் புலம்பல் இவற்றில் அடிக்கடி வருகின்றது. அது பழைய உயர்குடியினரின் பார்வையாகும். நாட்டின் ஒரு பகுதியார் வீழ்ந்தபோது வணிகரும் புதிய வட்டார அரசுகளும் உயர்ந்தமையைப் பதினெட்டாம் நூற்றாண்டு பற்றிய பிற்கால ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. ஆதலால், 'யாருடைய துயர்?' என்று கேட்டே இவற்றைப் படிக்க வேண்டும்.

ஆக்ராவில் ஆசிரியராக வாழ்ந்து 1830இல் மறைந்த நசீர் அக்பராபாதி மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றார். ரொட்டி, காசு, காற்றாடி, நீச்சல் விழா, கரடிக்குட்டி ஆட்டுவோன், ஹோலி, தீபாவளி, கண்ணனின் இளமை என அவர் பாடாத பொருளில்லை. ஆக்ராவின் கைவினைஞர் தொழிலின்றி வாடியதையும் தொழில் தொழிலாகக் குறித்துள்ளார். ஆனால், அவர் காலத்துப் புலவர் வரலாற்று நூல்கள் அவருக்கு உரிய இடம் தரவில்லை. கடைத்தெருவினர் வாயில் வழங்கும் பாடல்கள் என்பதையே குறையாகக் கூறி, ஷேப்தா என்னும் திறனாய்வாளர் அவரை ஒதுக்கினார். ஓர் இலக்கிய வரலாறு யாரை விட்டுவிடுகின்றது என்பதும் சமூக வரலாற்றுச் செய்தியே.

1857: ஒரே கையின் இரு சான்றுகள்

சான்றுகளை மதிப்பிடும் முறைக்கு மிர்சா காலிப் (1797-1869) சிறந்த எடுத்துக்காட்டு. 1857 கிளர்ச்சியின்போது அவர் தில்லியிலேயே இருந்தார். செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை மீட்டபின் மக்கள் வெளியேற்றப்பட்டனர்; முஸ்லிம்கள் திரும்புவதற்கான தடை கூடுதல் காலம் நீடித்தது. காலிப்பின் உதவித்தொகை நின்றது. மனநலம் குன்றியிருந்த அவருடைய தம்பியும் அவ்வாண்டு இறந்தார். இக்காலத்தைப் பற்றி அவர் பாரசீகத்தில் எழுதிய 'தஸ்தன்பூ' 1858இல் அச்சேறியது. அது ஆங்கிலேய அதிகாரிகளின் பார்வைக்குச் செல்லும் என்னும் எண்ணத்துடன் எழுதப்பட்ட நூல். கிளர்ச்சியாளரைக் கடிந்தும், ஆட்சியாளரிடம் தம் உரிமையைக் கோரியும் அது அமைந்துள்ளது.

நண்பர்களுக்கு அவர் உருதுவில் எழுதிய கடிதங்களோ வேறு தன்மையன. இடிக்கப்பட்ட தெருக்கள், உப்பாகிய கிணற்று நீர், தூக்கிலிடப்பட்டும் சிதறியும் போன நண்பர்கள், விற்றுத் தீர்ந்த வீட்டுப் பொருள்கள் முதலிய செய்திகள் நகைச்சுவையும் துயரும் கலந்து அவற்றில் இடம்பெறுகின்றன. அக்கடிதங்களைப் பெற்றவருள் ஹர்கோபால் தப்தா என்னும் இந்து மாணவரும் ஒருவர். 1868இலும் 1869இலும் தொகுதிகளாக வெளிவந்த இக்கடிதங்கள் நவீன உருது உரைநடையின் தொடக்கமாகவும் கருதப்படுகின்றன. ஒரே மனிதர், ஒரே நிகழ்ச்சி, இருவேறு பதிவுகள். இவற்றுள் ஒன்று பொய், மற்றொன்று மெய் என்று கொள்ளாமல், எழுதியவர் யாரை நோக்கி எழுதினார், எந்த அச்சத்தோடு எழுதினார் என்று வினவினால் இரண்டுமே உண்மை தரும். ஆக்கிரமிக்கப்பட்ட நகரில் வாழ்ந்த ஒருவர் வெளியே என்ன சொல்ல வேண்டியிருந்தது என்பதும் வரலாறுதானே.

பெண்: பாடுபொருளிலிருந்து படைப்பாளராக

லக்னோவில் 'ரேக்தி' என்னும் வகையில் ஆண் கவிஞர்கள் பெண்குரலில் பாடினர். மகளிர் வழக்குச் சொற்கள் பல அதில் காக்கப்பட்டிருப்பினும், அது ஆண்கள் புனைந்த பெண்குரல் என்பதை மறத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலை மாறியது. பயனுள்ள தாய்மொழி நூல்களுக்கு வடமேற்கு மாகாண அரசு பரிசு வழங்கியது. தம் பெண்மக்கள் படிப்பதற்கென நசீர் அகமது எழுதிய 'மிராத்துல் அரூஸ்' (1869) அப்பரிசைப் பெற்றது. பொறுப்பற்ற அக்பரியும் திறன்மிக்க அஸ்கரியும் அதன் தலைமை மாந்தர். இல்லத்தை நிருவகிக்கவும் கணக்கெழுதவும் கல்வி பெண்ணுக்குத் தேவை என்பது அதன் செய்தி. பத்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரமும் (1879) பெண்கல்வியை வலியுறுத்தியமை நினைவுகூரத்தக்கது. இரு மொழிகளிலும் தொடக்க நாவல் சீர்திருத்தத்தின் கருவியாயிற்று. கல்வியின் எல்லை இல்லத்தின் எல்லையாகவே இருந்ததையும் அது காட்டுகின்றது.

அந்த எல்லையைப் படித்த பெண்களே கடந்தனர். லாகூரில் 1898இல் தொடங்கப்பட்ட 'தஹ்சீபே நிஸ்வான்' இதழுக்கு முகம்மதி பேகம் ஆசிரியரானார். திரைக்குப்பின் வாழ்ந்த பெண்கள் அஞ்சல் வழியாக ஒருவரையொருவர் அறிந்து விவாதிக்க இத்தகைய இதழ்கள் வழி செய்தன. அலிகாரில் பெண்கல்விக்குப் பாடுபட்ட ஷேக் அப்துல்லாவின் மகளும் மருத்துவருமான ரஷீத் ஜஹான், 1932இல் வெளிவந்த 'அங்காரே' தொகுப்பின் நால்வருள் ஒருவர். சமய வேடத்தையும் பெண்ணடிமையையும் சாடிய அந்நூலை ஐக்கிய மாகாண அரசு 1933இல் தடை செய்தது. இஸ்மத் சுக்தாய் 'லிஹாப்' (1942) கதைக்காக ஆபாசக் குற்றச்சாட்டில் லாகூர் நீதிமன்றத்தில் நின்றார், வழக்கு தள்ளுபடியாயிற்று. பெண்ணுக்காக எழுதப்பட்ட நூலிலிருந்து பெண் எழுதிய நூலுக்கு வர, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் ஒரு சமூகம் நடந்த தொலைவு இதுவாகும்.

மொழி பிளவுபட்ட வரலாறு

1837ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீதிமன்றங்களில் பாரசீகத்தின் இடத்தை வட்டாரமொழிகள் பெற்றன. வடஇந்தியாவின் பெரும்பகுதியில் அவ்விடம் உருதுவுக்குக் கிடைத்தது. அதனால் எழுத்துமுறை, அரசுப்பணி வாய்ப்போடு பிணைந்தது. தேவநாகரிக்கு ஆதரவான இயக்கம் வலுப்பெற்று, 1900இல் வடமேற்கு மாகாணத்திலும் அவத்திலும் நாகரிக்கும் நீதிமன்றங்களில் இடம் கிடைத்தது. பேச்சில் பெரிதும் வேறுபாடற்ற ஒரே மொழி, எழுத்தாலும் கடன்சொற்களாலும் இரண்டாகி, பின்னர் இரு சமயங்களின் அடையாளமாயிற்று.

இலக்கியமோ இப்பிரிவினைக்கு உடன்படவில்லை. லக்னோவில் 1858இல் நவல் கிஷோர் தொடங்கிய அச்சகம் குர்ஆனையும் இந்து சமய நூல்களையும் ஒருங்கே பதிப்பித்தது. ரதன்நாத் சர்ஷார், பிரிஜ் நாராயண் சக்பஸ்த், ராஜீந்தர் சிங் பேடி, கிருஷன் சந்தர், பிராக் கோரக்பூரி ஆகியோர் உருதுவின் முதன்மைப் படைப்பாளர்கள். பிரேம்சந்த் நவாப் ராய் என்னும் பெயரில் வெளியிட்ட உருதுத் தொகுப்பான 'சோஸே வதன்' (1908) அரசால் பறிமுதல் செய்யப்பட்டது. அவர் பிற்காலத்தில் இந்தியில் மிகுதியாக எழுதினார். ஒரே எழுத்தாளரின் வாழ்வுக்குள்ளேயே இம்மொழி மாற்றத்தின் அழுத்தத்தைக் காணமுடிகின்றது.

பிரிவினையும் ஆவணங்களின் மௌனமும்

1947 பற்றிய அரசு ஆவணங்கள் இடம்பெயர்ந்தோரையும் மீட்கப்பட்டோரையும் எண்களாகத் தருகின்றன. கடத்தப்பட்ட பெண்களை மீட்க இந்தியா 1949இல் சட்டமியற்றியது. பேடியின் 'லாஜ்வந்தி' அச்சட்டத்தால் தொடமுடியாத இடத்தைக் காட்டுகின்றது. மீட்கப்பட்ட மகளிரை ஏற்குமாறு பரப்புரை செய்யும் சுந்தர்லாலின் மனைவியே திரும்பி வருகின்றாள். முன்பு அவளை அடித்தவன் இப்போது 'தேவி' என்கின்றான். ஆனால் அவள் பட்டதைக் கேட்க மறுக்கின்றான். மீண்டும் குடியேறியவள் மனைவியாக மட்டும் ஆகவில்லை. சாதத் ஹசன் மண்ட்டோவின் 'டோபா தேக் சிங்' மனநல மருத்துவமனை நோயாளிகளை இரு நாடுகளும் பரிமாறிக்கொள்வதைப் பொருளாகக் கொண்டு, ஊர் எந்த நாட்டில் உள்ளது என்னும் எளிய கேள்விக்கு எவரிடமும் விடையில்லாமையைக் காட்டுகின்றது. நிகழ்ந்தவை எத்தனை என்பதை ஆவணம் கூறும். நிகழ்ந்தபின் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய இக்கதைகளே நமக்கு உள்ளன.

முடிவுரை

மேற்கண்டவற்றால், உருது இலக்கியம் மூவகையில் வரலாற்றுக்குத் துணைபுரிகின்றது எனலாம். திரிகைப் பாடலும் நசீரின் கவிதையும் அரசவைக் குறிப்புகளில் இடம்பெறாதோரின் வாழ்வைத் தருகின்றன. கஜலும் மர்சியாவும் ஒரு காலத்தின் மதிப்புகளைத் தருகின்றன. கடிதமும் சிறுகதையும் ஆவணங்கள் பேசாதவற்றைப் பேசுகின்றன. வகைமையின் மரபை அறிந்தபின்னரே இவற்றைச் சான்றாகக் கொள்ள வேண்டும்.

இச்சான்றுகளின் எதிர்காலமும் கருதத்தக்கது. பாகிஸ்தானில் உருது நாட்டுமொழியாயினும், அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் அங்குப் பத்து விழுக்காட்டுக்கும் குறைவினரே. அதனைக் கிழக்கு வங்காளத்திலும் நிலைநாட்ட முயன்றதன் எதிர்ப்பே 1952 டாக்கா மொழிப்போராட்டமாக வெடித்தது. இந்தியாவில் 2001இல் ஏறத்தாழ 5.15 கோடியாக இருந்த உருதுத் தாய்மொழியினர் தொகை 2011 கணக்கெடுப்பில் 5.07 கோடியாகக் குறைந்தது. மொத்த மக்கள்தொகை பெருகிய பத்தாண்டில் நேர்ந்த குறைவு இது. கஜலைத் தேவநாகரியில் படித்துச் சுவைப்போர் பெருகியுள்ளனர். ஆனால் பழைய இதழ்களும் கடிதங்களும் குடும்பப் பத்திரங்களும் மூல எழுத்திலேயே உள்ளன. தம் பாட்டனார் எழுதியதைப் பேரப்பிள்ளைகள் படிக்க இயலாத நிலை, நூலகங்கள் நிறைந்திருக்கும்போதே நேரும் இழப்பாகும்.

லக்னோவில் அமானத் இயற்றிய 'இந்திரசபா' நாடகம் பார்சி நாடகக் குழுக்கள் வழியாக மலாய் நிலத்தை அடைந்து, பினாங்கில் தோன்றிய பங்சாவான் அரங்கிற்குத் துணைநின்றது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகப் பயில ஏற்கப்பட்ட தமிழல்லாத ஐந்து இந்திய மொழிகளுள் உருதுவும் ஒன்று. எனவே அது நமக்கு அயலானதன்று. சங்கப் பாடலைக் கற்பிக்கும் வகுப்பில் கஜலின் பெயரற்ற மாந்தரையும், சீறாப்புராணத்தோடு அனீஸின் மர்சியாவையும் ஒப்பிட்டுக் காட்டுவது மாணவருக்கு இரு மரபுகளையும் தெளிவாக்கும். மொழிகள் சமயங்களின் உடைமைகள் அல்ல என்பதையும் அவ்வொப்பீடு விளக்கவுரையின்றியே உணர்த்தும்.